மாற்று எஞ்சின் ஏற்றிய வண்டிக்குச் சாமான் தேடும்போது எதை நம்புவது?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கராஜில் நிற்கும் பழைய வேனின் முன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். ஜப்பானில் அந்த வேனுக்கு வைத்த எஞ்சின்தான் உள்ளே இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டொயோட்டாவின் 2எல் டீசல் எஞ்சின் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய 3எல் உட்கார்ந்திருக்கும். தோட்டத்து லேண்ட்ரோவருக்குள் நிசானோ இசுசுவோ இருக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. றம்பொடை ஏற்றத்தில் ஆட்களையும் மரக்கறி மூட்டைகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்குக் கொஞ்சம் பெரிய எஞ்சின் தேவைப்படுகிறது. பழைய எஞ்சினை லேத்துக்கு (கடைசல் பட்டறைக்கு) அனுப்பிச் செய்து எடுப்பதைவிட ரிகண்டிஷன் எஞ்சின் ஒன்றை ஏற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடிகிறது. போதாததற்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க, கையில் இருந்த வண்டியை எப்படியாவது ஓடவைக்க வேண்டியிருந்தது.

எஞ்சின் ஏற்றிய அன்று எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஏற்றிய பாஸுக்கு (மெக்கானிக்குக்கு) அது என்ன எஞ்சின், எந்த வண்டியிலிருந்து வந்தது, எந்த பிராக்கட்டை வெட்டி ஒட்டினார் என்பதெல்லாம் மனப்பாடம். கஷ்டம் தொடங்குவது சில வருடங்கள் கழித்து. வண்டி கைமாறியிருக்கும், பாஸ் வெளிநாடு போயிருப்பார், பிளாக்குக்கும் (எஞ்சினின் அடி உடம்பு) ஹெட்டுக்கும் (அதன் மேல்பகுதி) நடுவில் உள்ள ஹெட் கஸ்கட் போய் ரேடியேட்டரில் குமிழி வரும். அப்போது கடையில் நடக்கிற பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் (டொல்பின் என்பது ஒரு வகை டொயோட்டா ஹயஸ் வேனுக்கு நம் ஊர்ப் பெயர்):

"அண்ணே, டொல்பினுக்கு ஹெட் கஸ்கட் ஒண்டு வேணும்."

"என்ன எஞ்சின் தம்பி?"

"டொல்பின்தான் அண்ணே."

"டொல்பின்ல 2எல்லும் இருக்கு, 3எல்லும் இருக்கு, 5எல்லும் இருக்கு. பிளாக்கைப் பார்த்துட்டு வாங்க."

இப்படித் திருப்பி அனுப்புகிற கடைக்காரர் கிடைத்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பேசாமல் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறவர்தான் நமக்குச் செலவு வைப்பவர்.

சரியான சாமானை அடையாளம் காண நம்மிடம் நான்கைந்து வழிகள் இருக்கின்றன: வண்டியின் பெயரும் பதிவுச் சான்றிதழும், பிளாக்கில் உள்ள குறியீடு, கழற்றிய பழைய சாமான், பார்ட் நம்பர், அளவெடுப்பது. இவற்றில் ஒன்றையே எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் தவறு என்பது என் முடிவு. முதலில் அந்தச் சாமான் யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். வண்டிக்கா, எஞ்சினுக்கா, இரண்டும் சந்திக்கும் இடத்துக்கா? அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் எந்த வழி நல்லது என்று சொல்ல முடியும்.

வண்டிப் பெயரும் பதிவுச் சான்றிதழும்

பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், கண்ணாடி, கதவு, பின் அச்சு ஆகியவை வண்டிக்குச் சொந்தம். இவற்றுக்குச் சேசி நம்பரும் மொடலும் போதும், வேறு எதுவும் வேண்டாம். (முன்னால் இருந்தவர் கியர் பொக்ஸையும் பின் அச்சையும் சேர்த்தே மாற்றியிருந்தால் மட்டும் இதுவும் ஆடிப்போகும். ஒரு தடவை கீழே படுத்துப் பார்ப்பது நல்லது.)

எஞ்சின் விஷயத்திலும் இந்தச் சான்றிதழ் ஒரு உதவி செய்யும்: எஞ்சின் மாறியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும். டொயோட்டா வேன்களில் மொடலின் முதல் எழுத்துகளே பிறந்தபோது இருந்த எஞ்சின் குடும்பத்தைச் சொல்லிவிடும். எல்எச் என்றால் எல் வகை டீசலோடு பிறந்த ஹயஸ். கேடிஎச் என்றால் கேடி வகை. ஆர்இசட்எச் என்றால் பெற்றோல். டவுன்ஏஸிலும் லைட்ஏஸிலும் சிஆர் என்று தொடங்கினால் சி வகை டீசல். நம் ஊரில் லொட்டோ என்று அழைக்கப்படும் சிஆர்27 அப்படிப்பட்டதுதான். கேடிஎச் என்று வண்டியின் மொடல் தட்டில் இருந்து, உள்ளே எல் வகை எஞ்சின் நின்றால் கதை அங்கேயே புரிந்துவிடும். ஆனால் எல்எச் தட்டும் எல் வகை எஞ்சினும் பொருந்திப் போவதை வைத்து மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். 2எல், 3எல், 5எல் மூன்றும் ஒரே குடும்பம். எஞ்சின் மாற்றுபவர்கள் அதிகம் மாற்றுவதும் இந்தக் குடும்பத்துக்குள்தான், ஏனென்றால் அதுதான் சுலபம். ஆகவே சான்றிதழில் உள்ள எஞ்சின் நம்பரைப் பிளாக்கில் உள்ள நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்டியின் பெயரை நம்பக்கூடாது என்பதற்கு எஞ்சின் மாற்றாத வண்டியிலேயே உதாரணம் உண்டு. 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த நிசான் வெனெட் வேன்கள், மஸ்டா பொங்கோவுக்கு நிசான் பெயர் ஒட்டியவை. பின்கதவில் நிசான் என்று இருக்கும், உள்ளே இருக்கும் டீசல் பெரும்பாலும் மஸ்டாவின் ஆர்2. கம்பனி வைத்த எஞ்சினுக்கே இப்படியென்றால், கராஜில் ஏற்றிய எஞ்சினுக்குப் பெயர்ப்பலகை என்ன சாட்சி சொல்லும்?

பிளாக்கில் உள்ள குறியீடு

எஞ்சினின் உள்ளே போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் சாட்சி: பிஸ்டன், ரிங்ஸ், பேரிங், கஸ்கட், வால்வு, ஒயில் பம்ப், டைமிங் சாமான்கள். வேறு எந்த வழியையும் இதற்கு முன்னால் வைக்க மாட்டேன்.

பிளாக்கில் இரண்டு விதமான எழுத்து இருக்கும். ஒன்று வார்ப்பிலேயே புடைத்து நிற்பது: 3எல், 4டி56, 4ஜேபி1 என்று. மற்றது தட்டையாகச் சீவிய ஒரு சிறு இடத்தில் அடித்துப் பதித்த எஞ்சின் நம்பர். வேனில் இரண்டுமே கைக்கு எட்டாத பக்கத்தில், இருபது வருட ஒயிலும் புழுதியும் சேர்ந்து கட்டியான ஒரு படலத்துக்குக் கீழே கிடக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிச் சற்று ஊறவிட்டு, வயர் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு சாதாரண சோக் கட்டியை அந்த இடத்தில் தேய்த்து விரலால் தடவினால் பதிந்த பள்ளங்களில் வெள்ளை தங்கும். டோர்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஃபோனில் படம் எடுங்கள். எட்டு மூன்றாகவும், மூன்று எட்டாகவும் தெரிவது அப்போது தீரும்.

இந்தச் சின்ன வேலையின் மதிப்பு என்னவென்று எல் குடும்பத்தை வைத்தே காட்டலாம். 2எல்லின் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 92 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 92, கொள்ளளவு 2446 சிசி. 3எல்லில் இரண்டும் 96, அது 2779 சிசி. 5எல்லில் போர் 99.5, ஸ்ட்ரோக் அதே 96. வெளியே நின்று பார்த்தால் அண்ணன் தம்பிகள். 2எல் ஹெட் கஸ்கட்டை 3எல் பிளாக்கில் வைத்தால் சிலிண்டர் வாயின் ஓரத்தில் கஸ்கட்டின் இரும்பு வளையம் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டன் மேலே வரும்போது என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 3எல் கஸ்கட்டை 2எல்லில் வைத்தால் அது உட்கார்ந்துவிடும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். வளையம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது; ஏற்றத்தில் சூடேறும்போது மறுபடியும் ஊதும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் கடைக்காரரும் பாஸும் "கஸ்கட் தரம் சரியில்லை" என்று சொல்லி இன்னொரு தடவை அதையே போடுவார்கள்.

எஞ்சின் சரியாகத் தெரிந்தாலும் கஸ்கட் விஷயம் அங்கே முடிவதில்லை. எல் வகைக்கு மூன்று தடிப்பில் கஸ்கட் வருகிறது. பி, டி, எஃப் என்று ஓரத்தில் குறி இருக்கும். பிஸ்டன் மேல் மட்டத்துக்கு வரும்போது பிளாக்கின் முகத்தைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்துதான் எது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். பழைய கஸ்கட்டின் குறியைப் பார்த்து வாங்குவது, பிளாக்கின் முகத்தை யாரும் சீவவில்லை, பிஸ்டன்களும் மாறவில்லை என்றால் மட்டும் சரி.

அதேபோல 2எல் என்று பிளாக்கில் வாசித்தவுடன் ஹெட் சாமான்களை வாங்கிவிடாதீர்கள். முதலில் வந்த 2எல்லில் வால்வுகளை ரொக்கர் ஆர்ம் அமுக்கும். பின்னால் வந்த 2எல்-2இல் கேம் நேரடியாக வால்வின் மேலுள்ள கிண்ணத்தை அமுக்கும். மேல் மூடியைத் திறந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மற்றக் கம்பனிகளிலும் இப்படிப்பட்ட பொறிகள் உண்டு. மிட்சுபிஷியின் 4டி55க்கும் 4டி56க்கும் போர் ஒன்றேதான், 91.1 மில்லிமீற்றர். ஸ்ட்ரோக் ஒன்றில் 90, மற்றதில் 95. இசுசுவின் 4ஜேஏ1க்கும் 4ஜேபி1க்கும் போர் 93. ஸ்ட்ரோக் முறையே 92, 102. போரை மட்டும் அளந்து பார்த்து "இதுதான்" என்று பிஸ்டனோ கொன்ரொட்டோ வாங்குகிறவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். டொயோட்டா 3சியும் மஸ்டா ஆர்2வும் போர் 86, ஸ்ட்ரோக் 94, இரண்டும் 2184 சிசி. அளவு ஒன்றாக இருப்பதால் ஒன்றின் சாமான் மற்றதற்குப் போகும் என்று நினைக்காதீர்கள். அவை தனித்தனிக் கம்பனிகளின் தனித்தனி எஞ்சின்கள். சிசி ஒரு அடையாளமே இல்லை.

டைமிங் பெல்ட் கேட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிசான் டிடி27இல் பெல்ட்டே கிடையாது, கியர்தான். 4டி56இல் பெல்ட் இரண்டு. சின்னது பெலன்ஸ் ஷாஃப்டுக்கு. அந்தச் சின்னது அறுந்து பெரியதில் சிக்கினால் இரண்டும் போய்விடும், ஆகவே வாங்கும்போது இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். 4ஜேபி1இல் பெல்ட் வைத்து வந்ததும் உண்டு, கியர் வைத்து வந்ததும் உண்டு. அங்கே குறியீடு மட்டும் போதாது, முன் மூடியைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குறியீட்டை நம்புவதில் ஒரே ஒரு பெரிய குறை இருக்கிறது. பிளாக் ஒரு எஞ்சினுடையது, ஹெட் இன்னொன்றுடையது என்று கூட்டிக் கட்டிய எஞ்சின்களும் மலையில் ஓடுகின்றன. இரண்டுக்கும் தனித்தனியே குறியைப் பாருங்கள். இன்னொன்று, எந்தக் குறியீடும் அந்த எஞ்சின் இதற்கு முன் லேத்துக்குப் போனதா என்று சொல்லாது. பேரிங் ஸ்டாண்டர்டா, 0.25ஆ, 0.50ஆ என்பது பழைய பேரிங்கின் முதுகில் அடித்திருக்கும். ஓவர் சைஸ் பிஸ்டனில் மேல்முகத்தில் அடித்திருக்கும். கழற்றிப் பார்க்காமல் பேரிங் செட் வாங்கிவைப்பது வீண் காசு.

பழைய சாமானைக் கையில் கொண்டு போவது

நம் ஆட்கள் அதிகம் நம்புவது இதைத்தான். கழற்றியதைப் பையில் போட்டு, பஸ்ஸில் கொழும்பு போகிறவரிடம் கொடுத்து, "இதே மாதிரி ஒன்று" என்று சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு அனுப்புவோம். பாதி நேரம் இது நன்றாகவே வேலை செய்கிறது. வோட்டர் பம்ப், ஸ்டார்டர், பிராக்கட், ஹோஸ், மவுண்ட் எல்லாம் கண்ணால் பார்த்து, துளைக்குத் துளை வைத்துப் பார்த்து வாங்கக்கூடியவை.

இந்த வழிக்கு இரண்டு பலவீனங்கள். பழையது ஏற்கனவே பிழையானதாக இருந்தால் பிழையையே மறுபடியும் வாங்குவீர்கள். முன்னால் இருந்தவர் கிடைத்ததைப் போட்டுச் சமாளித்திருக்கலாம்; அந்தச் சமாளிப்புதான் இப்போது பழுதாகியிருக்கும். மற்றது, தேய்ந்த சாமான் தன் அளவைக் காட்டாது. அமுங்கிப்போன கஸ்கட், நீண்டுபோன பெல்ட், தேய்ந்த க்ளச் பிளேட் இவற்றை அருகே வைத்துப் பார்ப்பதைவிட அதன் மேலுள்ள எண்ணை வாசிப்பதும் பல்லை எண்ணுவதும் மேல்.

மேலும், ஒரு சாமானைக் கழற்றிக் கொண்டு போனால் வண்டி படுத்துவிடும். கொழும்பில் வசிப்பவருக்கு அது அரை நாள். மஸ்கெலியாவில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத நாட்கள். கழற்றாமல் அடையாளம் காண முடிகிற எதையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது இங்கே உள்ளவர்களுக்குத்தான் மிகவும் அவசியம்.

பார்ட் நம்பரும் ஃபோனில் பார்க்கும் கட்டலொக்கும்

இப்போது சேசி நம்பரைப் போட்டால் அந்த வண்டியின் எல்லாச் சாமானும் படத்தோடு ஃபோனில் வந்துவிடுகிறது. மாற்றாத வண்டிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மாற்று எஞ்சின் வண்டிக்கு இது ஆபத்தானது, ஏனென்றால் வண்டி பிறந்தபோது இருந்த எஞ்சினின் நம்பரையே மிகத் துல்லியமாகக் காட்டும். பத்து இலக்க நம்பரைக் கண்டவுடன் கடைக்காரரும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்.

இதைச் சரியாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. உங்கள் வண்டியின் சேசி நம்பரைப் போடாமல், அந்த எஞ்சினோடு பிறந்த வேறொரு மொடலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 3எல் என்றால் 3எல்லோடு வந்த ஒரு ஹயஸ், ஒரு ஹைலக்ஸ் இரண்டிலும் அதே சாமானைத் தேடுங்கள். நம்பர் ஒன்றாக இருந்தால் அது எஞ்சினுக்கே சொந்தமான சாமான், தைரியமாக வாங்கலாம். நம்பர் வேறுபட்டால் அது வண்டியைப் பொறுத்து மாறும் சாமான் என்று அர்த்தம். ஒயில் சம்ப், மவுண்ட் பிராக்கட், எக்ஸோஸ்ட் மனிபோல்ட் போன்றவை அப்படி மாறக்கூடியவை. எது யாருக்குச் சொந்தம் என்று பிரிக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல கருவி இதுதான்.

டொயோட்டா நம்பரை வாசிக்கவும் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம். முதல் ஐந்து இலக்கம் என்ன சாமான் என்று சொல்லும்: 11115 என்றால் ஹெட் கஸ்கட். எஞ்சின் சாமான்களில் அடுத்து வரும் இரண்டு இலக்கம் பெரும்பாலும் எஞ்சின் குடும்பம்: 54 என்றால் எல், 64 என்றால் சி, 67 என்றால் கேஇசட். உங்கள் எஞ்சின் 2சி, பெட்டியில் 11115-54 என்று தொடங்குகிறதென்றால் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுக்கலாம்.

இரண்டும் சந்திக்கும் இடம்

உண்மையான தலைவலி இங்கேதான். வண்டிப் பெயரும் எஞ்சின் குறியீடும் ஒன்றுக்கொன்று எதிராகச் சாட்சி சொல்லும் இடம் இது. கட்டலொக் இங்கே பாதிதான் உதவும். அளவும் பழைய சாமானும்தான் பேச வேண்டும்.

க்ளச் பிளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளி விட்டம் எஞ்சினின் பிளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுவில் உள்ள பல் கியர் பொக்ஸ் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். கியர் பொக்ஸ் பழையது, எஞ்சின் புதியது என்றால் எந்த ஒரு வண்டியின் பெயரைச் சொன்னாலும் பிழை வரலாம். விட்டத்தை அளந்து, பல்லை எண்ணி, ஷாஃப்டின் தடிப்பை வேர்னியரால் பார்த்து மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். கிராங்கின் முனையில் உட்காரும் பைலட் பேரிங்கும் அதே கதை: வெளி அளவு எஞ்சினுடையது, உள் அளவு கியர் பொக்ஸினுடையது. லேண்ட்ரோவரில் ஜப்பான் டீசல் ஏற்றியிருந்தால் அந்த இடத்தில் லேத்தில் கடைந்த ஒரு புஷ் இருக்கும். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. கழற்றும்போது அளவெடுத்து வைக்காவிட்டால் அடுத்த தடவை கியர் பொக்ஸை இறக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓல்டர்னேட்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். நம் டீசல் வேன்கள் பலவற்றில் ஓல்டர்னேட்டரின் முதுகில் ஒரு வெக்யூம் பம்ப் இருக்கும். ஒயில் வரும் குழாய், ஒயில் திரும்பும் குழாய், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ் என மூன்றும் அதில் மாட்டியிருக்கும். பெற்றோல் எஞ்சின் பூஸ்டருக்கான உறிஞ்சலை இன்டேக் மனிபோல்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். டீசலில் அது கிடைக்காது. பெற்றோலில் பிறந்த வண்டிக்கு டீசல் ஏற்றியவர், அல்லது சார்ஜ் வரவில்லை என்று பம்ப் இல்லாத ஓல்டர்னேட்டரை மலிவாக வாங்கிப் போட்டவர், பிரேக் உதவியையே கழற்றி வைத்துவிடுகிறார். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் பாதையில் ஆட்களோடு அப்படி வண்டி ஓட்டக்கூடாது. புதிதாகப் போட்டதும் சோதிக்க ஒரு வழி: எஞ்சினை நிறுத்தி, பெடல் கல்லாகும் வரை பலமுறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பம்பின் ஒயில் திரும்பும் குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ ஒயில் வேறு வழி தேடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹீட்டர் பிளக் கொழும்பில் உள்ளவருக்குச் சின்ன விஷயம், நுவரெலியாவில் விடியற்காலை ஐந்து மணிக்கு அப்படியல்ல. பிளக்கின் நீளமும் திருகும் எஞ்சினுக்குச் சொந்தம், வோல்ட் வண்டியின் வயரிங்குக்குச் சொந்தம். டொயோட்டா டீசல்களிலேயே 6 வோல்ட் பிளக்கும் 11 வோல்ட் பிளக்கும் இருக்கின்றன. 6 வோல்ட் பிளக்கை, மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரிலேயும் ரெசிஸ்டரும் உள்ள வண்டியில் மட்டும்தான் போடலாம். நேரடியாக 12 வோல்ட் போகும் வயரிங்கில் அதைப் போட்டால் நுனி எரிந்துவிடும், உடைந்து சிலிண்டருக்குள் விழவும் செய்யும். 11 வோல்ட் பிளக்கை, குறைத்துக் கொடுக்கும் வயரிங்கில் போட்டால் சரியாகச் சூடேறாது. வெள்ளைப் புகையும் ஸ்டார்டர் சத்தமும்தான் மிச்சம். எல்ஃப் லொறியிலிருந்து இறக்கிய 4ஜேபி1 என்றால் அது பெரும்பாலும் 24 வோல்ட் வண்டியிலிருந்து வந்தது. அதை 12 வோல்ட் ஜீப்பில் ஏற்றியபோது ஸ்டார்டர், ஓல்டர்னேட்டர், ஹீட்டர் பிளக் மூன்றும் 12 வோல்ட்டுக்கு மாறியிருக்க வேண்டும். இனி "எல்ஃப் 4ஜேபி1 ஸ்டார்டர்" என்று கேட்டால் 24 வோல்ட்தான் கைக்கு வரும். சாமானின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் வோல்ட் எழுதியிருக்கும், வாசித்துவிட்டு வாங்குங்கள்.

வெப்பமானிக்குச் சிக்னல் கொடுக்கும் சென்சரும் இரட்டைக் குடியுரிமை உள்ளது. திருகு எஞ்சினுக்கு, மின்தடை டாஷ்போர்ட்டில் உள்ள முள்ளுக்கு. வேறு கம்பனி எஞ்சினின் சென்சரோடு பழைய முள் பொய் சொல்லும். எஞ்சின் கொதிக்கும்போது முள் பாதியில் நின்றால் ஹெட் வளைந்த பிறகுதான் தெரியவரும். 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே ரேடியேட்டர் மூடியின் அழுத்த அளவும் மலையில் முக்கியம்; மூடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, ரேடியேட்டருக்கு உரியதையே வாங்குங்கள், எஞ்சினுக்கு உரியதை அல்ல. ரேடியேட்டர் ஹோஸ் வாங்க ஒரு கட்டுக்கம்பியை இரண்டு வாய்க்கும் இடையே பிடித்து அதே வளைவுக்கு வளைத்து, இரண்டு முனையின் விட்டத்தையும் எழுதிக் கொண்டு போனால் போதும். பழைய ஹோஸ் வண்டியிலேயே இருக்கட்டும்.

இஞ்செக்டர் பம்புக்கும் நொசிலுக்கும் குறுக்குவழி வேண்டாம். பம்பின் தகட்டில் உள்ள நம்பர், நொசிலின் உடம்பில் பொறித்த நம்பர், இவை இரண்டையும் மட்டுமே நம்புங்கள். வேறு எஞ்சினின் பம்ப் மாட்டினாலும் வண்டி ஓடும், கறுப்புப் புகையும் விடும், புகைப் பரிசோதனையில் திரும்பி வரும்.

புதியதா, பழையதா

அடையாளம் சரியாகத் தெரிந்த பிறகு இது எளிதான முடிவு. கஸ்கட், பெல்ட், பேரிங், ஒயில் சீல், ஹோஸ், ஹீட்டர் பிளக் எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஜப்பானிலிருந்து கழற்றி வந்த ஓல்டர்னேட்டர், ஸ்டார்டர், பிராக்கட், மனிபோல்ட் போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் தப்பில்லை. பலசமயம் அவை மலிவுப் புதியதைவிட நல்லவை. ஹெட்டைப் பழையதாக வாங்கினால் லேத்தில் விரிசல் சோதித்த பிறகே காசைக் கொடுங்கள்.

இவ்வளவு சிரமப்படுவதைவிட முழு எஞ்சினையும் மறுபடி மாற்றிவிடலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டு நிலைமையில் நானும் அதைத்தான் சொல்வேன். பிளாக் ஒன்று ஹெட் ஒன்று என்று கூட்டிக் கட்டியதாகத் தெரிந்து, அதில் கிராங்கும் போயிருந்தால். அல்லது, அந்த எஞ்சினுக்கு மலையகத்தில் எந்தக் கடையிலும் சாமான் இல்லாமல் ஒவ்வொரு தடவையும் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தால். ஹயர் ஓடுகிற வேனுக்குச் சந்தியிலேயே சாமான் கிடைக்கும் எஞ்சின்தான் நல்லது. டொல்பினில் 3எல் இருந்தால் அதை விட்டு அபூர்வமான எதற்கும் போகாதீர்கள். தோட்டத்து லேண்ட்ரோவருக்கு அந்த அவசரம் இல்லை. இரண்டு நாள் நின்றாலும் பரவாயில்லை என்றால், இருக்கிற எஞ்சினை அளவெடுத்து எழுதி வைத்துக்கொண்டு அதையே பராமரிப்பது மலிவு. மறுபடி மாற்றுவதென்று முடிவெடுத்தால் எஞ்சினைத் தனியே வாங்க வேண்டாம். ஓல்டர்னேட்டர், ஸ்டார்டர், பம்ப், மவுண்ட், வயரிங், முடிந்தால் கியர் பொக்ஸ் எல்லாம் சேர்ந்து வரும் ஹாஃப் கட்டாகப் பாருங்கள். விலை கூடும், மேலே சொன்ன சந்திப்பு இடத்துத் தொல்லைகளில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

எந்த முடிவு எடுத்தாலும் ஒரு கொப்பி போடுங்கள். முதல் பக்கத்தில் பிளாக் குறியீடு, ஹெட் குறியீடு, எஞ்சின் நம்பர், எந்த மொடலிலிருந்து வந்தது. அடுத்த பக்கத்தில் க்ளச் அளவு, பெல்ட்டுகளின் முதுகில் உள்ள எண்கள், ஹீட்டர் பிளக் வோல்ட், பேரிங் சைஸ், ஹோஸ் விட்டங்கள், புஷ்ஷின் அளவு. ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்து, கொழும்பில் சாமான் வாங்கித் தருபவருக்கும் அனுப்பி வையுங்கள். புது எஞ்சின் நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து சான்றிதழில் ஏற்ற வேண்டும். எஞ்சின் வாங்கிய பில் இல்லாமல் அங்கே போனால் அலைச்சல்தான், ஆகவே பில்லையும் கொப்பிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். வண்டியை விற்கும்போது சாவியோடு அந்தக் கொப்பியையும் கொடுத்துவிடுங்கள்.